கூட வராத பதிவு

ஷெறோன் படித்தது பேச்சுச் சிகிச்சை. பாரிசவாதம் வந்து வாய் கட்டிப்போனவர்களுக்கும் திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கும் பேச்சைப் பழக்கிக் கொடுக்கும் தொழில் அது. லண்டனில் எங்கள் ஸ்ட்ரெதம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் டொக்டருக்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள், கணக்கியல் படித்தவர்கள் கொள்ளை. இதற்குப் படித்தவள் எனக்குத் தெரிய அவள் ஒருத்திதான்.

ஏன் இதைப் படித்தாள் என்று கேட்டால் அவளுடைய அம்மா பியற்றிஸ் சிரித்துக்கொண்டே சொல்லுவா. மன்னாரிலிருந்து வந்த புதிதில் எட்டு வயது ஷெறோன் பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்காக வாயே திறக்கவில்லையாம். பிள்ளைக்கு ஏதோ குறை என்று டீச்சர்மார் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. இவள் தன்னுடைய மொழியில் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று எழுதிக் கொடுத்தா. அன்றிலிருந்து ஷெறோனுக்கு அந்த வேலைதான் வேலை.

படித்து முடித்துத் தென் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நல்ல பெயர் எடுத்தாள். மாணவிகளைக்கூட அவளிடம் பயிற்சிக்கு விட்டார்கள். அப்போதுதான் டினேஷைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றாள்.

டினேஷ் குரோய்டனில் வளர்ந்த பெடியன். பத்தொன்பது வயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து வாகன மெக்கானிக் ஆனவன். அமைதியானவன், பூசைக்கு வருகிறவன், குடி இல்லை. ஆனால் பியற்றிஸுக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது.

"ஆமிக்காரனையோ கட்டப் போறாய்?"

"அம்மா, அது இந்த நாட்டு ஆமி. அவர் லொறி திருத்திறவர்."

"எந்த நாட்டு ஆமியெண்டாலென்ன? சப்பாத்துச் சத்தம் ஒண்டுதான். அதைக் கேட்டுத்தானே பிள்ளை நாங்கள் ஓடி வந்தனாங்கள்."

கடைசியில் அவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து குழாயைத் திருத்தி, பியற்றிஸின் பழைய காரையும் ஓட வைத்துக் கொடுத்த பிறகு மனம் இளகிற்று. எங்கள் மாதா கோயிலிலேயே கலியாணம். பாட்டுக் குழுவை நடத்துகிற பிலோமினம்மா அன்றைக்கு வழமையை விட ஒரு பாட்டுக் கூடப் பாடினா. சீருடையில் வர வேண்டாம் என்று பியற்றிஸ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தா. டினேஷும் கோட் சூட்டில்தான் வந்தான்.

கலியாணம் முடிந்த அடுத்த வருடம் அவனை ஜெர்மனிக்கு மாற்றினார்கள். அங்கே பிரிட்டிஷ் முகாம்கள் இன்னும் இருந்த காலம். ஷெறோன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போனாள். போகும்போது அவளுக்குப் பயம் இருக்கவில்லை. முகாமில் ஆயிரக்கணக்கில் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள், பிள்ளைகள், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் எல்லாம் இருந்தன. தனக்கு ஒரு இடம் இருக்காதா என்று நினைத்தாள்.

இருக்கவில்லை. முகாமின் மருத்துவ சேவையை ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் நடத்தியது. பேச்சுச் சிகிச்சைக்கு ஒரே ஒரு பதவி, அதில் ஏற்கெனவே ஒருவர். வெளியே ஜெர்மன் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதென்றால் அவளுடைய பிரிட்டிஷ் தொழிற்பதிவு போதாது. பத்திரங்களை மொழிபெயர்த்து, ஜெர்மன் மொழிப் பரீட்சையும் உயர்ந்த தரத்தில் எடுக்க வேண்டும். "அதில பிழை சொல்லேலாது," என்று ஷெறோனே தொலைபேசியில் என்னிடம் சொன்னாள். "பாஷை தெரியாமல் பேச்சை எப்பிடிப் பழக்கிறது? ஆனா நான் பாஷை படிச்சு முடிக்க இவரை வேற இடத்துக்கு மாத்திப்போடுவாங்கள்."

குடும்பங்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் அலுவலர் ஒருத்தி முகாமில் இருந்தா. நல்ல மனுசி. ஷெறோனின் பட்டத்தையும் அனுபவத்தையும் கவனமாகக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை காலியாக இருக்கிறது என்றா. ஷெறோன் அதை எடுத்தாள். மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு, தள்ளு முள்ளுப் படும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள். அந்த வரிசையில் திக்குகிற பிள்ளை ஒன்றும் நின்றது. தாயிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். தன்னுடைய வேலை அதுவல்ல என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

பிரிட்டனில் அவள் தொழிலுக்கு ஒரு பதிவுச் சபை இருக்கிறது. அதில் பெயர் இருந்தால்தான் அந்தத் தொழிற்பெயரைச் சொல்லி வேலை செய்யலாம். பதிவைப் புதுப்பிக்கும்போது, இடைப்பட்ட காலத்தில் தொழில் செய்தீர்களா என்று கேட்பார்கள். ஷெறோன் செய்யவில்லை. செய்ய விடவில்லை என்று எழுதினாள். கணவர் படையில் இருக்கிறார், அனுப்பிய இடத்துக்குப் போக வேண்டியிருந்தது, படைக் குடும்பங்களுக்கு ஏதாவது விலக்கு உண்டா என்று பணிவாகக் கேட்டாள். உங்கள் சூழ்நிலையைப் புரிந்துகொள்கிறோம் என்று தொடங்கிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் மற்றவர்களுக்கு உள்ள அதே விதிதான். அவளுடைய பெயர் பட்டியலில் இருந்து போனது.

ஜெர்மனி முடிய சைப்பிரஸில் இன்னொரு பிரிட்டிஷ் முகாம். அங்கேயும் அதே கதை, மொழி மட்டும் கிரேக்கம். பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக இருந்தாள். டினேஷோ எங்கே போனாலும் இறங்கிய மறுநாளே வேலை தொடங்கினான். அவனுடைய பாரவாகன லைசென்ஸ், கிரேன் லைசென்ஸ், மெக்கானிக் சான்றிதழ் எல்லாம் அவனோடு விமானம் ஏறி அவனோடு இறங்கின. எதையும் அவன் கேட்டு வாங்கவில்லை. படையே பார்த்துக்கொண்டது.

சைப்பிரஸில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். அமெரிக்க விமானப்படைக்காரர் ஒருவரின் மனைவி, தாதி. தங்கள் நாட்டில் கணவனை மாற்றினால் மனைவியின் தொழில் லைசென்ஸும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லுபடியாக வேண்டும் என்று சட்டங்கள் கொண்டு வருகிறார்கள் என்று அவள் சொன்னாள். ஆனாலும் அந்தச் சட்டம் இருப்பது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது, அதைத் தெரியவைப்பதற்கே பாதி வருடம் போய்விடும் என்று சொல்லிச் சிரித்தாளாம். ஷெறோனுக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரியவைக்கிறதுக்காவது அவளுக்கு ஒரு சட்டம் இருக்கு," என்றாள் என்னிடம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் திரும்ப லண்டனுக்கு மாற்றம். வுல்விச் முகாமுக்குப் பக்கத்தில் படைக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. இனி எல்லாம் சரி என்று பியற்றிஸ் மெழுகுதிரி கொளுத்தினா.

முதல் இன்டர்வியூ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் பாதகம் வராமல் பார்த்துக்கொள்வோம் என்ற உறுதிமொழி அந்த ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. படைவீரரின் மனைவி என்றால் நேர்முகத்துக்குக் கட்டாயம் அழைப்பார்கள் என்றும் விளம்பரத்தில் இருந்தது. ஷெறோன் புதுச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

உள்ளே இருந்த மனுசன் எழுந்து கைகொடுத்தார். "உங்கள் சேவைக்கு நன்றி."

"படையில் இருப்பது என் கணவர்."

"ஓ, அவருக்கும் நன்றி சொல்லுங்கள். பதிவு எண் என்ன?"

"பதிவு காலாவதியாகிவிட்டது. அதைத் திரும்ப எடுப்பதற்கு, பதிவுள்ள ஒருவரின் மேற்பார்வையில் சில மாதம் வேலை செய்ய வேண்டும். அதற்குத்தான் இடம் தேடுகிறேன்."

"இந்தப் பதவிக்குப் பதிவு கட்டாயம்."

"மேற்பார்வைக்கு மட்டும் என்னை எடுக்கலாமா? சம்பளம் வேண்டாம்."

அவர் உண்மையிலேயே வருந்தினார். மாணவர்களை எடுக்கலாம், அவர்களுக்குப் பல்கலைக்கழகக் காப்புறுதி இருக்கிறது. ஊழியரை எடுக்கலாம், அவர்களுக்குப் பதிவு இருக்கிறது. நீங்கள் இரண்டிலும் இல்லை என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பதிவு இல்லாவிட்டால் இடம் இல்லை. இடம் இல்லாவிட்டால் பதிவு இல்லை. அந்த வருடம் முழுக்க லண்டனின் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எழுதினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. பதில் போட்டவர்கள் எல்லாரும் மரியாதையாகவே போட்டார்கள். இடையில் கோயிலில் பெண்கள் வேறு கேட்பார்கள்: "பிள்ளையளும் இல்லை, பிறகேன் பிள்ளை அந்த நல்ல வேலையை விட்டனீர்?" ஷெறோன் முதலில் விளக்கம் சொன்னாள். பிறகு, "சும்மாதான் அன்ரி" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். வுல்விச்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவியாளாகச் சேர்ந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் பிலோமினம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, பேச்சும் போனது. முப்பது வருடமாகக் கோயிலில் முதல் வரியை எடுத்துக் கொடுத்த குரல்.

ஷெறோன் பார்க்கப் போனபோது கட்டிலருகே பிலோமினம்மாவின் மகள் றொஷானி இருந்தாள். ஆஸ்பத்திரியின் பேச்சுச் சிகிச்சையாளர் ஹெலன் படங்களைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள். பதில் இல்லை. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டுக்காரர். "அம்மா, இது என்னங்கம்மா? சொல்லுங்க பார்க்கலாம்" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. பிலோமினம்மா தொலைபேசியைப் பார்த்தா, மகளைப் பார்த்தா, கண்ணை மூடிக்கொண்டா.

ஹெலன் போன பிறகு றொஷானி ஷெறோனின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் இதுக்குத்தானே படிச்சனீங்கள்? நீங்கள் செய்யுங்கோவன்."

"எனக்கு ஏலாது றொஷானி."

"ஏன்? மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. எனக்கு இப்ப பதிவு இல்லை. நான் சிகிச்சை எண்டு ஏதும் செய்து, ஆராவது ஒரு ஆள் அதைச் சபைக்கு எழுதிப் போட்டால், பிறகு வாழ்க்கைக்கும் பதிவு கிடைக்காது."

றொஷானி கையை எடுத்தாள். "எங்கட அம்மா உங்கட கலியாணத்துக்குப் பாடினவ அக்கா," என்றாள். பிறகு போர்வையைச் சரிசெய்வது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு ஷெறோன் வீட்டுக்கு வந்து டினேஷோடு சண்டை பிடித்தாள். அவன் செய்த பிழை எதுவுமில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"உங்களுக்கு மட்டும் எல்லாம் கூட வருது. நான் என்ன, உங்கட பெட்டியோ? தூக்கின இடத்தில வைக்கிறதுக்கு?"

"நான் என்ன செய்ய, ஷெறோன்? நீர் சொன்னா நான் விட்டிட்டு வாறன்."

"விட்டிட்டு வந்தா என்ரை பதிவு வருமோ?"

அவன் எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.

ஆனாலும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. வேலை முடிந்து, பார்வையாளர் நேரத்தில் போய்ப் பக்கத்தில் இருந்தாள். சிகிச்சை என்று எதுவும் செய்யவில்லை. கோயில் புதினம் சொன்னாள், யார் பாட்டைப் பிழையாகத் தொடங்கினார்கள் என்று சொன்னாள். நாக்கு நுனி வரை எத்தனையோ வந்தது. இந்தச் சொல்லை இப்படிக் கேட்டால் வரும், இந்த எழுத்தில் தொடங்கிக் கொடுத்தால் வரும் என்று தெரியும். கேட்கவில்லை. "பசிக்குதே, அம்மா?" என்று பார்வையாளர் கேட்பதை மட்டும் கேட்டாள். அப்படி அடக்கிக்கொண்டு இருந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே கடினமான வேலை என்று பிறகு சொன்னாள்.

ஹெலனிடம் ஒன்றை மட்டும் துணிந்து சொன்னாள்: மொழிபெயர்ப்புக்கு யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துத் தமிழ் பேசுகிற ஆளாகக் கேளுங்கள். ஹெலன் உடனே குறித்துக்கொண்டாள். "நீங்கள் எப்படி இதைக் கவனித்தீர்கள்?" என்று கேட்க, ஷெறோன் முழுக் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. நடைபாதையில் நின்றபடியே சொன்னாள். ஹெலன் தன் மேலாளரிடம் போய் இவளைத் தன் மேற்பார்வையில் எடுக்கலாமா என்று கேட்டாள். முடியாது என்று வந்தது. காரணம் பழைய காரணந்தான், காப்புறுதி. ஆனால் ஹெலன் விடவில்லை. வடகிழக்கு லண்டனில், வால்தம்ஸ்டோவில், பாரிசவாதத்தில் இருந்து மீள்பவர்களுக்கு ஒரு சிறு தொண்டு நிறுவனம் இருந்தது. புதன் பின்னேரமும் சனிக்கிழமையும் ஹெலன் அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்தாள். அவர்களிடம் பேசி, தொண்டர்களுக்கான காப்புறுதியில் ஷெறோனைத் தன் மேற்பார்வையில் அங்கே சேர்த்துக்கொண்டாள்.

ஷெறோன் அழுதது அன்றைக்குத்தான். இவ்வளவு பெரிய நகரத்தில், இத்தனை உறுதிமொழிகள் தொங்கும் சுவர்களுக்கு நடுவில், கடைசியில் உதவியது ஒரு பெண்ணின் ஓய்வு நேரம்.

கிழமையில் ஒன்றரை நாள் என்றால் பதிவுக்கு வேண்டிய காலத்தைச் சேர்ப்பதற்கு ஒரு வருடத்துக்குக் கிட்டப் போகும். பாதி சேர்ந்திருந்த நேரத்தில் டினேஷுக்கு மாற்றம் வந்தது. யோர்க்ஷயரில் ஒரு முகாம். வுல்விச் வீட்டையும் விட வேண்டும்.

டினேஷ் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து சொன்னான். ஷெறோன் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்றாள்.

"எப்ப?"

"செப்டெம்பரில. தள்ளிப்போடக் கேட்டுப் பார்த்தனான். ஆள் பற்றாக்குறையாம், அதிகாரியும் வருத்தப்பட்டார்."

"அங்க நான் திரும்பவும் முதலில இருந்து மேற்பார்வைக்கு ஆள் தேட வேணும்."

"ஓம்."

"நான் வரேல்லை டினேஷ்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் திரும்பவில்லை, தண்ணீரை வடித்தாள்.

"ஒன்பது வருசம் நான் வந்தனான்," என்றாள். "இந்த முறை நீங்கள் போங்கோ. நான் அம்மாவோட இருக்கிறன்."

"உமக்கு என்னில கோவமோ?"

"உங்களில இல்லை. ஆரில எண்டுதான் தெரியேல்லை. அதுதான் விசர் வருது."

அவன் போனான். அவள் இரண்டு பெட்டியோடு ஸ்ட்ரெதத்தில் தாய் வீட்டுக்கு வந்தாள். மகளும் மருமகனும் பிரிந்துவிட்டார்களோ என்று கோயிலில் கதை எழும்பியது. பியற்றிஸ் ஒவ்வொருவரையும் பிடித்து, "அவர் வேலைக்குப் போயிருக்கிறார், இவ வேலைக்கு நிக்கிறா, அவ்வளவுதான்" என்று சொல்லிக் களைத்தா. ஆமிக்காரன் என்று ஒரு காலத்தில் முகத்தைச் சுளித்தவ, இப்போது அவன் வரும் வெள்ளிக்கிழமைகளில் கணவாய்க் கறி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தா.

ஷெறோன் பஸ்ஸில் பிரிக்ஸ்டன் போய், அங்கே நிலக்கீழ் ரயில் ஏறி, அந்தப் பாதையின் மறு முனை வரை வால்தம்ஸ்டோவுக்குப் போய் வந்தாள். மழையும் பனியும் வேலைநிறுத்தமும் பார்க்கவில்லை. காலம் நிறைந்தது. ஹெலன் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பம் போனது. வசித்த நாடுகளில் இருந்து பொலிஸ் அறிக்கை வேண்டும் என்று சபை எழுதியது. ஜெர்மனியில் நாங்கள் பிரிட்டிஷ் முகாமுக்குள் இருந்தோம் என்று எழுதினாள். முகாம் இருந்தது ஜெர்மனியில்தானே என்று பதில் வந்தது. அதற்கும் அலைந்தாள். சைப்பிரஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். முதல் முறை அனுப்பியது எங்கேயோ தொலைந்துபோனது.

பதிவு கிடைத்த செய்தி ஒரு திங்கட்கிழமை மதியம், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. டினேஷுக்குப் போன் அடித்தாள். அவன் தொலைபேசியில் கத்திய கத்தலில் பின்னால் இருந்த மெக்கானிக்குகள் கைதட்டியது கேட்டதாம். அவளுக்கு எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. முன்பு தன்னிடம் இருந்த ஒன்றைத் திருப்பி வாங்க இவ்வளவா என்றுதான் முதலில் தோன்றியது.

கிழக்கு லண்டனில் வேலையும் கிடைத்தது. தொடக்கநிலைப் பதவி, புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு உரியது. அவளுடைய மேலதிகாரி, முன்பு தென் லண்டன் ஆஸ்பத்திரியில் அவளிடம் பயிற்சிக்கு வந்த மாணவி. ஷெறோனை விட அந்தப் பெண்ணுக்குத்தான் கூடச் சங்கடம். "நீங்கள் இப்போது எங்கேயோ உயரத்தில் இருந்திருக்க வேண்டும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். ஷெறோன் தலையாட்டினாள். ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வசனத்தைப் பல நாள் மனதில் வைத்து எரிந்தாள்.

வேலை கிடைத்த முதல் கிழமையே பிலோமினம்மாவைத் தன் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டாள். பிலோமினம்மா அப்போது ஸ்ட்ரெதத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தா. ஆஸ்பத்திரிச் சிகிச்சை முடிந்து, வெளிச் சிகிச்சைக்கு நீண்ட வரிசையில் பெயர் கிடந்தது. முடியாது என்றார்கள். அது வேறு கவுன்சில், வேறு பிரதேசம். ஷெறோனின் பதிவு நாடு முழுவதும் செல்லும். அவளுடைய வேலை லண்டன் ஆற்றைத் தாண்டித் தெற்கே வராது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, பார்வையாளராகவே போனாள். இந்த முறை றொஷானியிடம் அனுமதி கேட்டாள். பதிவு உள்ளவள் தன் சொந்த நேரத்தில் ஒரு தெரிந்த மனுசியோடு இருந்து பேச்சுப் பழக்குவதை யாரும் எழுதிப் போட முடியாது என்று ஹெலனிடம் கேட்டும் வைத்திருந்தாள். றொஷானி தன் கதிரையை விட்டு எழுந்து, அதைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

முதல் மாதங்களில் பழக்கியிருந்தால் பேச்சு இன்னும் அதிகம் வந்திருக்கும். இப்போது சொற்கள் ஒவ்வொன்றாக, இடறி இடறித்தான் வந்தன. தண்ணி. றொஷா. வேண்டாம். பல கிழமைக்குப் பிறகு ஒருநாள் பிலோமினம்மா ஷெறோனின் முகத்தை நெடுநேரம் பார்த்தா. வாய் கோணி, நிமிர்ந்து, திரும்பவும் கோணியது.

"இவ்… வளவு… நாளும்… எங்க?"

ஒரு முழு வசனம். ஷெறோன் அவவின் இடக்கையைப் பிடித்தாள்.

"பக்கத்தில இருந்தனான் அம்மா, பழக்கத்தான் விடேல்லை," என்றாள்.

"ஆர்?"

ஷெறோன் வாயைத் திறந்தாள். கைகொடுத்து வழியனுப்பிய மனுசன், சாப்பாட்டு நேர வேலை தேடித் தந்த நல்ல மனுசி, சூழ்நிலையைப் புரிந்துகொண்ட சபை, மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாது என்று வருத்தப்பட்ட அதிகாரி. ஒருவரும் அவளை ஏசவில்லை. ஒருவரும் கதவை அடித்துச் சாத்தவில்லை. சொல்வதற்கு ஒரு பெயர்கூட அகப்படவில்லை.

பிலோமினம்மா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தா.